ஒன்றையும் எழுதாமல் வாசிப்பது

திருவண்ணாமலையில் கம்ப்யூட்டர் பழுது பார்த்து ஜீவனம் செய்கிறவனிடம் 'செத்துப்போய்விட்டது' என்று கொண்டுவந்து கொடுக்கப்படும் ஹார்ட் டிஸ்க்குகளில் கணிசமானவை சாகாதவை என்று நான் சொன்னால், கடைக்கு வருகிறவர்கள் அதை வியாபாரப் பேச்சு என்றே எடுத்துக்கொள்கிறார்கள். வாஸ்தவத்தில் அவற்றில் பல, நல்ல ஸ்திதியில் சுழன்றுகொண்டுதான் இருக்கும். எழுதிவைத்த விஷயமும் எழுதியபடியே இருக்கும். ஆனால் அந்த விஷயம் எந்த முறையில் அடுக்கப்பட்டிருக்கிறது என்பதை அறியாத ஒரு யந்திரத்தில் டிஸ்க்கைச் செருகி, தனக்குத் தெரியாததையெல்லாம் இல்லாதது என்று அந்த யந்திரம் அறிவித்துவிட, அதை வேதவாக்காக நம்பி, துக்கம் விசாரிக்க வந்தவர்களைப் போல என் மேஜை முன் நிற்பார்கள்.

அந்த யந்திரம் கேட்கிற கேள்வியைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். ஒரு பழைய யூனிக்ஸ் டிஸ்க்கை விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டினால், ஒன்று, அது டிரைவ் எழுத்தே கொடுக்காமல் மௌனம் சாதிக்கும்; அல்லது, 'இந்த டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்ய வேண்டும்' என்றோ, 'ஃபார்மட் செய்தால்தான் உபயோகிக்கலாம், செய்யட்டுமா?' என்றோ விசாரிக்கும். கேள்வியின் பணிவைப் பார்த்தால் மறுக்கத் தோன்றாது. முதலாவதற்குச் சம்மதித்தால், பழைய முறைப் பார்ட்டிஷன் அட்டவணையாயின், டிஸ்க்கின் முதல் செக்டர், அதாவது 512 பைட், மாற்றி எழுதப்படும். அது பெரிய நஷ்டமல்ல. இரண்டாவதற்குச் சம்மதித்து, அவசரமில்லாத முழு ஃபார்மட்டாகவும் அது அமைந்துவிட்டால், விஸ்டா வெளிவந்த காலத்திலிருந்து விண்டோஸ் அந்தப் பிரிவின் தலை முதல் கால் வரை பூஜ்யத்தை எழுதிக்கொண்டே போகிற வழக்கத்தை மேற்கொண்டிருப்பதால், அதற்குப் பின் டிஸ்க்கை என்னிடம் கொண்டுவருவதும் ஒன்று, கொண்டுவராததும் ஒன்று.

யூனிக்ஸ் என்பது அமெரிக்க சர்வகலாசாலைகளுக்குரிய சமாசாரம், கோயில் பட்டணத்தில் அதற்கு என்ன வேலை என்று எண்ணுகிறவர்கள், பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் என் கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் விடிய விடிய ஜனங்கள் நடந்து முடித்த களைப்பு அடங்குமுன்பே, லாட்ஜ் மானேஜர்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்குவார்கள். பை போயிற்று, பர்ஸ் போயிற்று என்று யாத்திரிகர் ஒருவர் ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்திருப்பார், போலீஸ்காரர் கேமரா பதிவைக் கேட்டிருப்பார், மானேஜர் டி.வி.ஆர். பெட்டியைத் திறந்து, டிஸ்க்கைக் கழற்றி, ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்து, 'காலியாயிருக்குது சார்' என்று கையைப் பிசைவார். அந்தப் பெட்டிகளுக்குள் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருப்பது யூனிக்ஸின் வம்சத்தில் வந்த லினக்ஸ். இன்னும் போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் கல்யாணப் படங்களைச் சேமித்துவைக்கிற நெட்வொர்க் டிஸ்க் பெட்டிகளும் அந்த வம்சமே. பெயரைக் கேள்விப்படாமலேயே இந்த ஊரில் யூனிக்ஸை வைத்துக்கொண்டிருப்பவர்கள் அநேகம் பேர்.

எனக்கு அந்தப் பரிச்சயம் ஏற்பட்டது வங்கிகளின் மூலம். ரங்கராஜன் கமிட்டி 1984-இல் வங்கிகளை யந்திரமயமாக்குவது பற்றி அறிக்கை கொடுத்த பிறகு, கிளை கிளையாகக் கம்ப்யூட்டர்கள் நுழைந்தபோது, அவற்றில் பலவற்றில் எஸ்.சி.ஓ. யூனிக்ஸ் இருந்தது, ஒரு பெட்டி, அதோடு கம்பி கம்பியாக இணைத்த சில டெர்மினல்கள், கறுப்புத் திரையில் பச்சை எழுத்து, இவ்வளவுதான் அந்த நாளைய வங்கிக் கிளை. சென்னை ரிச்சி தெருவில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் பழகிய எனக்கு, கெட்டுப்போன வங்கி டிஸ்க்குகளைத் தூக்கிக்கொண்டு போய் வருவதே முதல் உத்தியோகம். யூனிக்ஸை உருவாக்கிய இருவரில் ஒருவரான டென்னிஸ் ரிச்சிக்கும் அந்தத் தெருவுக்கும் பெயர்ப் பொருத்தத்தைத் தவிர வேறு சம்பந்தம் கிடையாது என்பதை நான் வெகுகாலம் கழித்தே அறிந்தேன். அந்தத் தெருவில் என் குருநாதர் ஸ்தானத்தில் இருந்தவர் அதிகம் பேசமாட்டார். 'அதுல ஒண்ணும் எழுதாதேடா' என்பது ஒன்றுதான் அவர் செய்த உபதேசம். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு இத்தனை காலம் பிழைத்துவிட்டேன்.

செங்கம் சாலைப் பக்கம், ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில், வெளிநாட்டிலிருந்து வந்து தங்கிவிட்டவர்கள் எப்போதும் உண்டு. தியானத்துக்கு வந்தவர்கள், தமிழ் படிக்க வந்தவர்கள், எதற்கு வந்தோம் என்பதையே மறந்து இருந்துவிட்டவர்கள் என்று அவர்களில் பல தரம். அப்படித் தங்கிய ஒரு ஜெர்மானியரும், அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த ஓய்வுபெற்ற தமிழாசிரியரான புலவர் ஒருவருமாகச் சேர்ந்து, எல்லப்ப நாவலரின் அருணாசல புராணத்தையும் அருணைக் கலம்பகத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, பாட்டுக்குப் பாட்டு பொழிப்பும் சொல்லகராதியும் எழுதிவந்திருக்கிறார்கள். புலவர் வாயால் சொல்ல, மற்றவர் விசைப்பலகையில் தட்ட, மாலை வேளைகளில் நிதானமாக நடந்த வேலை அது. ஜெர்மானியர் காலமானார். அவருடைய பெட்டி பரணில் ஏறிற்று. புத்தகமாகப் போட்டுவிடலாம் என்று ஒரு அச்சகத்தார் முன்வந்த பிறகுதான் புலவர் பெட்டியை இறக்கிப் பார்த்திருக்கிறார், அது இயங்கவில்லை, பக்கத்தில் யாரோ டிஸ்க்கைக் கழற்றித் தங்கள் யந்திரத்தில் மாட்டி, அது கேட்ட கேள்விக்குச் சம்மதமும் தந்து, ஒன்றுமில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

"என் ரிட்டயர்மென்ட் காலம் முழுக்க இதுக்குள்ளதான் இருக்குது தம்பி" என்று மஞ்சள் பையிலிருந்து அதை எடுத்து வைத்தார்.

"ஐயா, இதை வேற எங்கேயாவது மாட்டினீங்களா?"

"மாட்டினாங்க. என்னமோ ஆரம்பிக்கணுமான்னு கேட்டுச்சாம். ஆரம்பின்னு சொல்லிட்டாங்க."

இனிஷியலைஸ் மட்டும்தான், ஃபார்மட் இல்லை என்று தெரிந்ததும் எனக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை. நம்பிக்கையைக் கடனாகக் கொடுக்கலாகாது என்பது இந்தத் தொழிலின் சம்பிரதாயம்.

டிஸ்க் பட்டையான 40 ஊசிக் கேபிள் காலத்தது. அத்தகைய கிழட்டு டிஸ்க்குக்கு முதலில் செய்யவேண்டிய பரிசோதனை, காதைக் கொடுத்துக் கேட்பது. மின்சாரம் கொடுத்ததும் சீராக ஏறுகிற சுழற்சியின் ஓசையும், பிறகு ஹெட் ஒருமுறை அசைந்து நிலைகொள்கிற சிறு சத்தமும் கேட்டால் க்ஷேமம். டக் டக் என்று அடித்துக்கொண்டே இருந்தால் ஹெட் போயிற்று என்று அர்த்தம், உடனே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். தகட்டுக்கும் ஹெட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு தூசு நுழையவும் போதாது என்பதால், அவ்வகை டிஸ்க்கைத் திறந்து பார்க்கும் சாமர்த்தியத்தை நம் ஊர்ப் புழுதியில் யாரும் காட்டவேண்டியதில்லை. தூசு நீக்கிய அறை வைத்திருப்பவர்களிடம் சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்புவதுதான் வழி. ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் சரியாகும் என்று யோசனை சொல்கிறவர்களை நான் வாதம் செய்யாமல் வணங்கி அனுப்பிவிடுவேன். புலவரின் டிஸ்க் முனகிற்றே தவிர, அடித்துக்கொள்ளவில்லை.

அடுத்தது படியெடுப்பு. எதையும் புரிந்துகொள்ள முயலாமல், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற விசாரணையே இல்லாமல், முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர் வரை உள்ளதை உள்ளபடி வேறொரு நல்ல டிஸ்க்கில் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ள வேண்டும். இதற்கு நான் உபயோகிப்பது அந்தோனியோ தியாஸ் என்பவர் எழுதிய டிடி-ரெஸ்க்யூ. அதன் அழகு என்னவென்றால், சுலபமாகக் கிடைப்பதையெல்லாம் முதலில் வாரிக்கொண்டு, முரண்டு பிடிக்கிற இடங்களைத் தாண்டிப் போய், கடைசியில்தான் அந்த இடங்களுக்குத் திரும்பி வந்து ஓரம் ஓரமாகச் சுரண்டும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று தனியே ஒரு கணக்கும் எழுதிவைக்கும், ஆகையால் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சாகக் கிடக்கிற டிஸ்க்கை, 'இந்த ஒரு செக்டரைக் கொடு, கொடு' என்று ஆரம்பத்திலேயே நச்சரித்தால், அது தரக்கூடிய மற்றதையும் தராமல் போய்விடும்.

படியெடுத்த பிறகே பொருள் காண்பது என்ற இந்த முறை கம்ப்யூட்டர்காரர்கள் கண்டுபிடித்ததன்று. கொள்ளிடக் கரையிலுள்ள திருமழபாடிக் கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டுவதென்று முதலாம் இராஜராஜனின் 28-ஆம் ஆட்சியாண்டில் தீர்மானித்தபோது, சுவரிலிருந்த சாசனங்களையெல்லாம் முன்னதாகவே புத்தகத்தில் படியெடுத்துக்கொண்டு, பின்னர் இராஜேந்திரன் காலத்தில் புதிய சுவரில் திரும்ப வெட்டினார்கள் என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. அங்கே மூலம் போய்விடப்போகிறது என்று தெரிந்தே படியெடுத்தார்கள். என் மேஜைக்கு வருகிற டிஸ்க்குகளைப் பற்றியும் நான் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். 2025-ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் யூட்டா சர்வகலாசாலைக் கிடங்கு ஒன்றில், யூனிக்ஸின் நான்காம் பதிப்பு அடங்கிய காந்த நாடா, அரை நூற்றாண்டுக்குப் பின் அகப்பட்டது. டிசம்பரில், கலிபோர்னியாவின் கம்ப்யூட்டர் சரித்திர அருங்காட்சியகத்தில் அதை வாசித்தவர்கள் கையாண்டதும் இதே நெறிதான்: நாடாவின் காந்த அலைகளை முதலில் அப்படியே பதிவு செய்துகொண்டார்கள், அந்தப் பதிவிலிருந்து எழுத்துகளைப் பிரித்தறிவதை நாடாவைத் தொடாமல் பிறகு செய்தார்கள்.

படி கைக்கு வந்தபின் மூல டிஸ்க்கைப் பையில் போட்டுப் பூட்டிவிட்டு, படிக்கும் ஒரு படி எடுத்து, அதன்மேல்தான் வேலையை ஆரம்பித்தேன். சாதாரணமாக முதல் செக்டரின் 446-ஆவது பைட்டிலிருந்து 64 பைட்டுகளில் பார்ட்டிஷன் அட்டவணை இருக்கும். நாலு வரி, வரிக்கு 16 பைட்: எந்தப் பார்ட்டிஷன் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், எந்த இனம். இனத்தைக் குறிக்க ஒரு பைட். 83 என்றால் லினக்ஸ், ஏ5 என்றால் யூனிக்ஸின் இன்னொரு கிளையான ஃப்ரீபிஎஸ்டி, 63 என்றால் நம் பழைய வங்கி யூனிக்ஸ். இங்கே நாலு வரியும் பூஜ்யம். அட்டவணை போனால் போகட்டும். அட்டவணை சுட்டிக்காட்டிய பொருள் அங்கேயே இருக்கிறதே! அந்த நாளில் முதல் பார்ட்டிஷன், பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 63-ஆவது செக்டரில் தொடங்குவது வழக்கம். ஃப்ரீபிஎஸ்டியாயின் அதற்கடுத்த 64-ஆவது செக்டரில் டிஸ்க்லேபிள் என்ற உள்ளட்டவணை இருக்கும். விண்டோஸ் தான் எழுதியதை முதல் செக்டரோடு நிறுத்திக்கொண்டதால், 64-ஆவதில் 82564557 என்ற முத்திரை எண்ணோடு லேபிள் பங்கமில்லாமல் உட்கார்ந்திருந்தது. புலவரின் எழுத்து இருக்கவேண்டிய ஹோம் பார்ட்டிஷன் உள்பட எல்லாவற்றின் எல்லைகளும் அதில் இருந்தன. இதைக் கண்டுபிடிக்க டெஸ்ட்டிஸ்க் போன்ற புரோகிராம்கள் உண்டு. எனக்கென்னவோ ஹெக்ஸ் எடிட்டரில் கண்ணால் பார்த்தால்தான் மனம் சமாதானமடையும்.

ஃப்ரீபிஎஸ்டியின் ஃபைல் சிஸ்டமான யூஎஃப்எஸ் அமைந்த ஒவ்வொரு பார்ட்டிஷனிலும், அந்தக் காலத்து வகையில், 8192 பைட்டுக்கு அப்பால் சூப்பர் பிளாக் என்ற ஒன்று இருக்கும். முழு அமைப்பின் அளவுகளும் அதில்தான். அதன் முத்திரை எண் 011954. இந்த ஃபைல் சிஸ்டத்தை பெர்க்லியில் உருவாக்கிய கிர்க் மெக்குசிக் தம்முடைய பிறந்த தேதியை, 1954 ஜனவரி 19, அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முன்வைத்து அப்படியே முத்திரையாக்கிவிட்டார். டிஸ்க்கில் அது தலைகீழ் வரிசையில் 54, 19, 01, 00 என்று கிடக்கும். உலகெங்கும் எத்தனையோ டிஸ்க்குகளில் தம் ஜாதகத்தின் முதல் வரியை எழுதிவைத்த மனிதர் வேறு யாராவது இருப்பார்களா என்று தெரியவில்லை. ரூட் பார்ட்டிஷனில் அந்தத் தேதி சரியாக இருந்தது. ஹோம் பார்ட்டிஷனில், இருக்கவேண்டிய இடத்தில் பார்த்தால், டிஸ்க்கின் தேய்ந்த பகுதி சரியாக அங்கேதான் விழுந்திருந்தது. சூப்பர் பிளாக் வாசிக்கக் கிடைக்கவில்லை.

இங்கேதான் அந்த அமைப்பைச் செய்தவர்களின் புத்திசாலித்தனத்துக்கு நமஸ்காரம் செய்யத் தோன்றுகிறது. மெக்குசிக்கும் ஜாயும் லெஃப்ளரும் ஃபாப்ரியும் 1984-இல் எழுதிய கட்டுரையில் விளக்கியிருக்கிறார்கள்: டிஸ்க்கைச் சிலிண்டர் குரூப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சூப்பர் பிளாக்கின் நகல் ஒன்றை வைப்பதோடு, எல்லா நகலும் ஒரே தட்டின்மேல் வந்துவிடாதபடி, குரூப்புக்குக் குரூப் சற்றுத் தள்ளி, சுருளாக இறங்கும்படி அமைத்தார்கள், ஒரு தட்டே போனாலும் எல்லா நகலும் போகாது. முதல் நகல் 32-ஆவது செக்டரில். அது நன்றாக இருந்தது. கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பழைய ஃப்ரீபிஎஸ்டியை நிறுவி, படியின் படியைக் கொடுத்து, 32-ஐ வைத்துச் சரிபார் என்று ஃபைல் சிஸ்டம் பரிசோதனையை ஏவினேன். அதன் பிறகு லினக்ஸிலும், எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதைக் கூட்டிச் சொல்லி, வாசிக்க மட்டும் என்ற நிபந்தனையோடு மவுண்ட் செய்ய முடிந்தது. யூஎஃப்எஸ்ஸில் கிளைகள் பல. 44பிஎஸ்டி என்று ரகத்தைச் சொல்லாவிட்டால், இத்தனை சிநேகிதமான லினக்ஸும் விண்டோஸைப் போலவே கையை விரித்துவிடும்.

கோப்புகள் வந்தன. புலவரை வரச்சொல்லித் திரையைக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வெகுநேரம் உற்றுப் பார்த்து, "இது தமிழ் இல்லையே தம்பி" என்றார்.

வாஸ்தவம்; அவர் கண்டது ஐரோப்பிய எழுத்துகளும் கொம்பு முளைத்த குறிகளும் கலந்த ஒரு குப்பை. யூனிகோட் பரவுவதற்கு முன், தமிழைக் கம்ப்யூட்டரில் எழுதியவர்கள் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு எண்வரிசை வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்து டாம், டாப் என்ற தரங்கள் பிறந்தன. வெளிநாட்டுத் தமிழர்களிடையே டிஸ்கி என்ற தரமும் வழங்கிற்று. லோசானில் இருந்துகொண்டு கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பழைய நூல்கள் பல டிஸ்கியில்தான் ஏற்றப்பட்டன. ஜெர்மானியர் கையாண்டதும் டிஸ்கியே. அதில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் நிற்கும். 'கொ' என்பதில் கொம்பு முதலில், ககரம் அடுத்து, கால் பின்னால். யூனிகோடில் ககரம் முன்னால் வந்து, உயிர்க்குறி பின்னால் சேரும். ஆகையால் எண்ணுக்கு எண் மாற்றினால் மட்டும் போதாது, இடமும் மாற்ற வேண்டும். அதற்கான மாற்றிகள் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு புலவர் வாய்விட்டு ஒரு விருத்தத்தைப் படித்துப் பார்த்தார், சீர் தட்டவில்லை என்று தலையை ஆட்டினார்.

முழுவதும் கிடைத்துவிடவில்லை. வாசிக்க முடியாத செக்டர்கள் விழுந்த கோப்புகள் எவை என்று அறிவதற்கு ஒரு உபாயம் உண்டு: படியில் அந்த இடங்களை மட்டும் ஒரு தனி அடையாளத்தால் நிரப்பும்படி டிடி-ரெஸ்க்யூவிடம் சொல்லிவிட்டு, பிறகு எந்தக் கோப்பில் அந்த அடையாளம் தென்படுகிறது என்று தேட வேண்டும். சொல்லகராதியில் சில இடங்களில் அது தென்பட்டது. வெறுமையாக விட்டிருந்தால் அங்கே எழுத்து இருந்ததே தெரியாமல், வரிகள் ஒட்டிக்கொண்டு பிழையான பாடமாகியிருக்கும். புலவர் இதைக் கேட்டதும், "சாசனத்தில சிதைஞ்ச எழுத்துக்குப் புள்ளி வெச்சு அச்சுப்போடுவாங்களே, அதுதானே இது" என்றார். நம் கோயில் கல்வெட்டுகளைப் பி. ஆர். சீனிவாசன் பதிப்பிக்க, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் வெளியிட்ட தொகுதிகளைப் பார்த்துப் பழகியவர் அவர். விட்டுப்போனதைத் தம் கையெழுத்து நோட்டிலிருந்து அவரே நிரப்பிக்கொள்வதாகவும், நோட்டில் இல்லாத இடங்களில் புள்ளியே இருக்கட்டும் என்றும் சொல்லிவிட்டார்.

கூலியைப் பற்றி ஒரு வார்த்தை. கோப்பு கிடைக்காவிட்டால் பணம் வாங்குவதில்லை என்பது என் கடை வழக்கம். கிடைத்தபின் பேரம் பேசுகிறவர்கள் உண்டு என்பதும் அனுபவம். புலவர் பேரம் பேசவில்லை.

பழைய டிஸ்க்குகள் கருணையுள்ளவை. இப்போது எங்கும் வந்துவிட்ட எஸ்.எஸ்.டி.க்களில், ஒரு கோப்பை அழித்தாலோ ஃபார்மட் செய்தாலோ, 'இந்த இடங்கள் இனித் தேவையில்லை' என்று டிரிம் என்னும் கட்டளை மூலம் கம்ப்யூட்டர் சொல்லிவிடுகிறது. டிஸ்க் தன் ஓய்வு நேரத்தில் அவற்றைத் தானே துடைத்துச் சுத்தமாக வைத்துக்கொள்கிறது. அங்கே அழிந்த அட்டவணைக்குப் பின்னால் பொருள் காத்துக்கொண்டிருக்கும் என்று நான் யாருக்கும் சொல்வதற்கில்லை. இனி வருகிற வருஷங்களில் என் தொழில் சுருங்கும் என்பதே என் அபிப்பிராயம்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் ஏதாவது ஒரு பழைய பெட்டி கிடந்தால், அதன் டிஸ்க்கின்மேல் இன்றே ஒரு தாளை ஒட்டி, அதில் எந்த இயக்கமுறை இருந்தது, எந்த வருஷத்தியது, தமிழை எந்த எழுத்துருவில் தட்டினீர்கள் என்ற மூன்றை மட்டும் பேனாவால் எழுதிவையுங்கள். அதை எங்கே மாட்டினாலும், யந்திரம் எவ்வளவு பணிவாகக் கேட்டாலும், இல்லை என்றே பதில் சொல்லுங்கள்.